அம்மாயிக்கு வந்த வீடியோ கால்

(வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர் அக்கா பதில் சொல்கிறார்)

கேள்வி: அக்கா, நான் ஊட்டியில் காலேஜ் படிக்கிறேன். வீடு சேரம்பாடி பக்கம் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில். போன லீவில், நடிகர்கள் வீடியோ காலில் வருவது போலக் காட்டும் ஆப் ஒன்றை வைத்து அம்மாயியை (அம்மாவின் அம்மா) ஏமாற்றினேன். அவருக்கு உயிரான நடிகர் திரையில் வந்து கையசைத்ததும் அழுதேவிட்டார். "நல்லாயிருக்கியா சாமி" என்று ஆரம்பித்து முட்டிவலி வரைக்கும் சொன்னார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது லைன் முழுக்க அதே பேச்சு. கொழுந்து எடுக்கிற இடத்தில் எல்லாரும் அவரிடம் விசாரிக்கிறார்களாம். உண்மையைச் சொல்வதா, அப்படியே விட்டுவிடுவதா? (பெயர் வேண்டாம், சேரம்பாடி)

பதில்: சொல்லிவிடு தம்பி. ஃபோனில் வேண்டாம், நேரில் போய்ச் சொல். அடுத்த லீவு வரைக்கும் தள்ளாதே.

மலையில், கையால் இணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன மேனுவல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் உட்கார்ந்திருந்த காலத்திலும் இந்தக் குசும்பு உண்டு. "மெட்ராஸ்லேருந்து சினிமா கம்பெனி பேசுறோம்" என்று குரலை மாற்றிப் பேசுவார்கள். ஆள் பக்கத்துத் தெருவில்தான் இருப்பான். போர்டில் எந்த லைனிலிருந்து கால் வருகிறது என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் அவனே சிரித்துவிடுவான், இந்தப் பக்கம் நாலு வசவு விழும், அதோடு சரி. உன் விஷயத்தில் அந்தச் சிரிப்பு வரவே இல்லை. அம்மாயியைப் பொறுத்தவரை கால் இன்னும் கட் ஆகவில்லை.

அந்த ஆப் எந்த நடிகரையும் கூப்பிடுவதில்லை என்று உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எங்கோ எடுத்த பழைய வீடியோத் துண்டு ஒன்று ஓடுகிறது. அதைச் சுற்றி பச்சை பட்டன், சிவப்பு பட்டன், ஓரத்தில் முன்கேமராவில் தெரியும் நம் முகம். மணி எப்போது அடிக்க வேண்டும் என்று நேரம்கூட வைக்கலாம். அந்த மனிதர் தலையாட்டியது முட்டிவலிக்காக இல்லை. (முட்டிவலியை நடிகரிடம் சொன்னவர் உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? போகும்போது அதையும் விசாரி, டாக்டரிடம் கூட்டிப் போ.)

நான் அவசரப்படுத்துவதற்கு வேறு காரணம் இருக்கிறது. திரையில் முகம் தெரிந்தால் ஆளும் நிஜம் என்று அவருக்கு நீயே பழக்கிவிட்டாய். 2023 ஜூலையில் கோழிக்கோட்டில், உங்கள் பக்கத்திலிருந்து மலை இறங்கினால் போய்விடலாம், ரிட்டயரான ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் பழைய சக ஊழியர் வந்தார். உறவினருக்கு ஆபரேஷன், அவசரமாக 40,000 ரூபாய் வேண்டும் என்றார். வீடியோவில் சில நொடி முகத்தையும் காட்டினார். இவர் அனுப்பிவிட்டார். மறுபடியும் 35,000 கேட்டபோதுதான் சந்தேகம் வந்து, நண்பரின் பழைய நம்பருக்குப் போட்டார். நண்பருக்கு ஒன்றுமே தெரியாது. அங்கே செயற்கை நுண்ணறிவு வைத்து முகத்தையே செய்திருந்தார்கள். உன் ஆப் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் நாளைக்கு அந்த நடிகர் முகத்தோடு எவனாவது வந்து "அம்மா, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றால் உன் அம்மாயி யோசிக்கவா போகிறார்? ஏற்கெனவே பேசிப் பழகியவர் அல்லவா!

ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கம் மழை வலுத்தால் டவர் போய்விடும், ஜன்னலோரம் நின்றால்தான் சிக்னல். அப்படிப்பட்ட இடத்தில் அவ்வளவு பெரிய நடிகர் ஒரு இடத்திலும் திக்காமல், உறையாமல் பளிச்சென்று வந்தாரே, லைனில் ஒருத்தருக்குமா சந்தேகம் வரவில்லை?

அதை வைத்தே நீ புரிய வை. வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார். ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டு அவர் கையில் கொடு, அதே நடிகரை அவரே வரவழைக்கட்டும். பல ஆப்களில் வீடியோ ஃபோனுக்குள்ளேயே இருக்கும், எதற்கும் முதலில் நீ தனியாகப் பார்த்துக்கொள். அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறந்து, உண்மையான கால் என்றால் இந்தப் பட்டியலில் பதிவாகியிருக்கும், அன்றைக்கு வந்தது இதில் இல்லை என்று காட்டு. திட்டினால் வாங்கிக்கொள். லைனில் எப்படிச் சொல்வது என்பதை அவரிடமே விடு. "பேரன் பண்ணின கூத்து" என்று அவர் வாயால் வந்தால் அவருக்குத் தலைகுனிவு இல்லை. மருமகனுக்கு ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாலும் கேட்பார். எஸ்டேட் பாட்டிகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: ஆறாவது படிக்கும் மகன் இதே மாதிரி ஆப்பை என் ஃபோனில் ஏற்றியிருக்கிறான். அதே ஃபோனில்தான் ஜிபே, தேயிலைப் பணம் வரும் பாங்க் எல்லாம். பயப்படணுமா? (ஒரு அம்மா, கோத்தகிரி)

பதில்: செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பெர்மிஷனைப் பாருங்கள். கேமரா கேட்பது சரி. காண்டாக்ட், எஸ்எம்எஸ், லொகேஷன் கேட்டால் இந்த விளையாட்டுக்கு அதெல்லாம் எதற்கு? உடனே தூக்கிவிடுங்கள். ஓடிபி வருவது எஸ்எம்எஸ்ஸில்தான். நடுவில் வரும் விளம்பரத்தைத் தொட்டு அவன் வேறெதையாவது ஏற்றியிருக்கிறானா என்றும் பாருங்கள்.

நடிகர் படம் இருப்பதால் அவர் சம்மதித்தார் என்று நினைக்காதீர்கள். தன் பெயர், உருவம், பேசும் பாணி ஆகியவற்றைக் கேட்காமல் பயன்படுத்தியதற்கு எதிராக ரஜினிகாந்த் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 2023-ல் அனில் கபூர் டெல்லியில் வாங்கினார்.

கேள்வி: ஆபீஸ் நண்பனுக்குப் போலீஸ் அதிகாரி வீடியோ கால் மாதிரி செட் பண்ணி விளையாடினோம். பயந்துபோய் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டான். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். இது தப்பா? (குன்னூர்)

பதில்: கேட்கிறீர்களே! கம்ப்யூட்டர், ஃபோன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டுகிறார்களே, அந்த டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று நம் சட்டத்திலேயே இல்லை என்று 2024-ல் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டி வந்தது, அவ்வளவு பேர் போலிப் போலீஸிடம் பணம் விட்டிருந்தார்கள். உங்கள் நண்பர் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போட்டிருந்தால் நீங்கள் எங்கே நின்றிருப்பீர்கள்? பணம் திருப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவருக்கு ஒரு நல்ல சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள்.