மீட்டரில் 38 கிலோமீட்டர்: இது புது பைக்தானா?

கேள்வி: முழுப் புதிய பைக் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். டெலிவரிக்கு முன் பார்க்கப் போனபோது மீட்டர் 38 கிலோமீட்டர் காட்டியது. கிடங்கிலிருந்து ஓட்டி வந்ததாக விற்பனையாளர் சொல்கிறார். பலரும் டெஸ்ட் ரைடு போன வண்டியாக இருக்கும், இன்ஜினின் ஆயுளே போய்விடும் என்கிறார் என் நண்பர். வாங்கலாமா, மறுத்துவிடலாமா?

பதில்: பூஜ்ஜியம் காட்டும் மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம். தொழிற்சாலையிலேயே வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி ஓட்டிச் சோதிப்பது வழக்கம். லாரியில் ஏற்றி இறக்குவது, ஷோரூமில் சரிபார்ப்பது என்று மேலும் கொஞ்சம் ஓடும். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் யாரும் கவலைப்படத் தேவையில்லை. 38 என்பது இந்தக் கணக்கில் அடங்காது. யாரோ அதைச் சாலையில் ஓட்டியிருக்கிறார்கள். அது கிடங்கிலிருந்து வந்த பயணமா, வாடிக்கையாளர்களின் டெஸ்ட் ரைடா என்பதை விற்பனையாளரின் வார்த்தையை நம்பாமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கிடங்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அதே ஷோரூமில் விற்பனைக்கு நிற்கும் மற்ற வண்டிகளின் மீட்டரையும் பாருங்கள். அவையும் முப்பதுக்கு மேல் காட்டினால் அவர் சொல்வது பொருந்துகிறது. அவையெல்லாம் மூன்று, நான்கு என்று நிற்க, உங்களுடையது மட்டும் 38 காட்டினால், அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது.

இன்ஜினைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. புது இன்ஜினின் சிலிண்டர் சுவரில் மிக நுண்ணிய குறுக்குக் கோடுகள் இருக்கும். பிஸ்டன் ரிங்குகள் அவற்றில் உரசிப் படிந்து, இடைவெளி இல்லாமல் பொருந்துவது தொடக்க ஓட்டத்தில்தான் நடக்கிறது. அதனால்தான் முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை இன்ஜினை முறுக்காமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் இருக்கும்படி பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஓட்டத்தில் 38 என்பது சிறு பங்கு. சாதாரணமாக ஓட்டப்பட்டிருந்தால் இன்ஜினின் ஆயுளை அது தீர்மானிக்காது. ஆயில் சூடாகும் முன்பே ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகியவர்களும், கிளட்சைப் பாதி பிடித்தபடியே நகர்த்திப் பழகியவர்களும் கையில் எடுத்த வண்டி என்றால்தான் யோசிக்க வேண்டும். கிளட்ச் தகடுகள் தேய்ந்திருப்பது வெளியே தெரியாது. நீங்களே சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள்: இன்ஜின் வேகம் ஏறியும் வண்டி அதற்கேற்ப இழுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

என்னைக் கேட்டால், டெஸ்ட் ரைடு போனதைவிட, போனபோது கீழே விழுந்ததா என்பதே பெரிய கேள்வி. நிற்கும்போது சாய்ந்த வண்டிகூட அடையாளம் வைத்திருக்கும். பிரேக், கிளட்ச் லீவர்களின் உருண்டை முனை, கைப்பிடியின் கடைசி விளிம்பு, ஃபுட்ரெஸ்டின் நுனி, சைலன்சரின் வெளிப்பக்கம், கண்ணாடிகளின் ஓரம் ஆகிய இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முன்சக்கரம் நேராக நிற்கும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் அந்த வண்டியே வேண்டாம். புது டயரில் இருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள் நடுவில் மட்டும் தேய்ந்திருப்பது இயல்பு. ஓரம் வரை தேய்ந்திருந்தால் யாரோ திருப்பங்களில் நன்றாகச் சாய்த்து ஓட்டியிருக்கிறார்கள். இன்ஜினை ஒட்டிய புகைக்குழாய் சற்றே நிறம் மாறியிருப்பதையோ, பிரேக் டிஸ்க்கில் மெல்லிய வரிகள் விழுந்திருப்பதையோ வைத்துச் சண்டை போடாதீர்கள்; சில கிலோமீட்டர் ஓடினாலே அவை வந்துவிடும். இருக்கையின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதும் எதற்கும் சான்றல்ல, அதைக் கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும்.

ஓடாமல் நெடுங்காலம் நின்ற வண்டியும் நல்லதல்ல: பேட்டரி பலமிழக்கும், தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் கெடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. டயர் வண்டியைவிடச் சில மாதம் பழையதாக இருக்கலாம். வண்டி தயாரான மாதத்தைக் கேட்டு இதனுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் ரைடுக்கென்றே வைத்திருந்த வண்டியை அப்படியே சொல்லி, விலை குறைத்து விற்பது நேர்மையான வியாபாரம்தான். அப்போது இரண்டைக் கேளுங்கள்: வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, வண்டி ஏற்கெனவே ஷோரூமின் பெயரில் பதிவாகியிருக்கிறதா. பதிவாகியிருந்தால் ஆவணத்தில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர்தான். அதையே புதியது என்று சொல்லி முழு விலை கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இவற்றையெல்லாம் மீதிப் பணம் கட்டுவதற்கும் உங்கள் பெயரில் பதிவு செய்வதற்கும் முன்பே முடித்துவிடுங்கள்; பதிவான பிறகு மறுப்பது மிகக் கடினம். மீட்டர் அளவையும், அது எப்படி ஏறியது என்பதையும் டெலிவரி ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்காமல் எழுதித் தந்து, விழுந்த அடையாளமும் இல்லையென்றால் இந்த வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். மழுப்பினால் வேறு வண்டி கேளுங்கள். அதன் சேஸி எண்ணை முன்கூட்டியே வாங்கி, டெலிவரி நாளன்று வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு சரிபாருங்கள்.