கோபம் வரும்போது விரல் நுனியைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 36. பதினைந்து வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை, உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. மகளுக்கு நான்கு வயது. அவள் பார்க்காமல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இன்சுலின் போடுகிறேன். போன வாரம் ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு வந்து உட்கார்ந்தோம். அவள் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். தோளைப் பிடித்து உலுக்கிக் கத்திவிட்டேன். பிறகு பார்த்தால் சுகர் 52. அன்றிலிருந்து அவளோடு தனியாக இருக்கும்போது இன்சுலினைக் குறைத்து 250-க்கு மேலேயே வைத்திருக்கிறேன். எத்தனை வயதுவரை இதை மறைக்கலாம்? அவளுக்கும் வந்துவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தந்தைக்கு டைப் 1 இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 17-இல் ஒன்று. அதற்காக இன்று நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 52. நோயோடு வாழும் அப்பாக்களின் கோபத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. அதே நேரத்தில், பொறுமையாக இருக்கச் சொல்லும் மூளைக்குச் சர்க்கரை போதவில்லை. படபடப்பு உண்டு, கடிவாளம் இல்லை. அந்த நேரத்தில் கவிழ்ந்த டம்ளர் பெரிய குற்றமாகத் தெரியும். அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கு, அதாவது சர்க்கரை இறங்குகிறவர்களுக்கு, எச்சரிக்கும் வியர்வையும் நடுக்கமும் மங்கிவிடும். நோய் வந்து இருபது வருடம் ஆனவர்களில் பலருக்கும் அப்படித்தான். சிலருக்கு எரிச்சல்தான் முதல் அறிகுறியாக மிஞ்சும், அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

ஆகவே, அவள் மேல் கோபம் வருகிறதா, வாயைத் திறக்குமுன் விரலைக் குத்திப் பாருங்கள். மீட்டர் ஐந்து விநாடியில் சொல்லிவிடும். கையைக் கழுவிவிட்டுக் குத்துங்கள். குழந்தைக்குப் பழம் நறுக்கிக் கொடுத்த பிசுபிசுப்பு விரலில் இருந்தால், 60 இருக்கும் இடத்தில் 140 காட்டும், நீங்களும் நம்பிக் கத்துவீர்கள். தோலில் ஒட்டும் சென்சாரை அந்த நேரத்தில் நம்ப வேண்டாம், வேகமாக இறங்கும்போது அது சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும்.

70-க்குக் கீழே என்றால் 15 கிராம்: நான்கு கிராம் குளுக்கோஸ் மாத்திரை நான்கு, அல்லது பழச்சாறு 150 மில்லி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். எண் ஏறிய உடனே மூளை தெளிந்துவிடாது, முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை அவளை வண்டியில் ஏற்றாதீர்கள், கண்டிக்கவும் செய்யாதீர்கள்.

இப்போது திட்டப் போகிறேன். 250-இல் வைத்திருப்பது அன்பு இல்லை, பயம். அந்த உயரத்திலும் களைப்பும் சிடுசிடுப்பும் வரும், கண்ணும் சிறுநீரகமும் மெல்லக் கெடும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினையும் வெட்டுகிறீர்கள் என்றால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் படுப்பீர்கள். விளையாட்டுக்கு முன் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டு ஓடுங்கள். சாப்பாட்டு ஊசி போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினால் சர்க்கரை தடாலென்று விழக்கூடும். விளையாடப்போகும் நாளில் அந்த ஊசியை எவ்வளவு குறைக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். ஓட்டத்தின் விளைவு இரவிலும் தொடரும், படுக்குமுன் ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று வாரம் லோ ஆகாமல் காத்தால், மங்கிய அறிகுறிகள் ஓரளவு திரும்பும்.

உலுக்கியதற்கு 52 காரணம்தான், ஆனால் அவள் தோளுக்கு அது தெரியாது. "அப்பாவுக்குச் சுகர் இறங்கிடுச்சு, ஆனாலும் கத்தினது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். எப்படியும் அவளுக்குச் சுகர் என்றால் என்னவென்று சொல்லித்தானே ஆக வேண்டும்? குளியலறைக் கதவைத் திறந்துவிடுங்கள். மாத்திரை டப்பா எங்கே என்று நான்கு வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ளும். அப்பா எழுந்திருக்கவில்லை என்றால் வாயில் எதையும் போடக்கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்ளும். ஊசி முனைகள் மட்டும் கெட்டி மூடி போட்ட டப்பாவில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.