கடவுள் கையில் எல்லாம் இருந்தால் பயம் ஏன் வருகிறது?

"வேலை நிலைக்குமா என்றே தெரியவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறேன், ஆனாலும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. பயமும் விசுவாசமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கும். பைபிளில் எரேமியா 32ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசி எரேமியா காவலில் இருக்கிறார். அப்போது உறவுக்காரர் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். ஊரே பறிபோகும் நேரத்தில் யாராவது நிலம் வாங்குவார்களா? (எந்தப் புரோக்கரும் சிரிப்பார்.) எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரமாக வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலம் வாங்குவார்கள் என்று கடவுள் சொன்னதுதான் காரணம்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வரும் ஜெபம். உம்மால் முடியாதது இல்லை என்று தொடங்குகிறவர், நகரமே விழப்போகிறது, என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று முடிக்கிறார். அந்தக் குழப்பத்துக்காகக் கடவுள் அவரைத் திட்டவில்லை.

ஆகவே தூக்கம் வராத ராத்திரியில் அந்தக் கேள்வியையே ஜெபமாகச் சொல்லுங்கள். காலையில் எழுந்து செய்யவேண்டிய வேலையைச் செய்யுங்கள், வேறு வேலைக்கு விண்ணப்பிப்பது உட்பட.

சரி, அந்த நிலம்? நகரம் விழுந்தது, எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் அதில் உழுததாக எங்கும் இல்லை. ஆனால் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பட்டியலில், எஸ்றா 2ஆம் அதிகாரத்தில், ஆனதோத்தார் 128 பேர் இருக்கிறார்கள்.