சங்கத்தைக் கலைத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் முன்னாள் படைவீரர் சங்கம் ஆரம்பித்தபோது எண்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் 1971 பாகிஸ்தான் போர்க்காலத்து ஆட்கள். இப்போது மாதக் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தால் பெரிது. இளையவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. கலைத்துவிடலாமா?
– ஒரு செயலாளர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: அண்ணாச்சி, 1971-இல் இருபது வயதில் துப்பாக்கி பிடித்தவர் இன்று எழுபதைத் தாண்டிய கிழவர். கண்புரை, முட்டிவலி, கடைசி பஸ் கவலை. அவரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடி மண்டபத்துக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்? பதினோரு பேர் ஏறி வருவதே எனக்கு ஆச்சரியம்தான்.

நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன். பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சங்கத்தைப் படுக்கவைத்தது ஒரு பாஸ்புக். தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டிய கணக்கு. பொருளாளர் திடீரென்று காலமானார். பாஸ்புக் அவருடைய டிரங்குப் பெட்டியில். பெட்டிச் சாவி மகனோடு பெங்களூரு போய்விட்டது. அவருக்கு மலர்வளையம் வாங்கியதே என் கைக்காசில்தான். வங்கிக்கு ஐந்து மாதம் நடந்தோம். அதனால் முதல் வேலையாகக் கணக்கை மூன்று பேர் பெயரில் மாற்றுங்கள். யாராவது இருவர் கையெழுத்துப் போதும் என்று எழுதிக்கொடுங்கள். மூவரில் ஒருவர் ஐம்பதுக்குக் கீழே இருக்கட்டும்.

அந்த இளையவருக்கு எங்கே போவது என்பீர்கள். பதினேழு வருட சர்வீஸ் முடித்து நாற்பதுக்குள் ஊர் திரும்பிய சிப்பாய் உங்கள் தெருவிலேயே இருப்பார், செக்யூரிட்டி வேலையில், ஞாயிறும் டியூட்டியோடு. கூட்டம் என்றால் வரமாட்டார். வேலை என்று ஒன்றைக் கொடுங்கள், வருவார். பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று நவம்பரில் காட்டவேண்டிய லைஃப் சர்டிபிகேட் பாட்டைப் பாருங்கள்: வயல்வேலையில் ரேகை தேய்ந்த விரல் மெஷினில் பதியாது. செல்போனில் முகத்தைக் காட்டியே முடிக்கும் வசதி 2021-இலிருந்து இருக்கிறது. எங்கள் ஊரில் நாயக் ரேங்கில் ஓய்வு பெற்ற ஒருவர் பைக்கில் வீடுவீடாகப் போய் ஒரே நாளில் ஒன்பது பேருக்கு முடித்துக்கொடுத்தார். இப்போது அவர்தான் செயலாளர்.

அப்புறம், காலமானவர்களின் மனைவிமார். குடும்பப் பென்ஷன் வாங்கும் அந்த அம்மாக்களின் பெயர் உங்கள் பதிவேட்டில் உண்டா? சேருங்கள், ஓட்டும் கொடுங்கள். மனைவி பெயர் புருஷனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பேச்சி, ஆதாரில் பேச்சியம்மாள் என்று இருந்தால், புருஷன் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். பிறகு அந்த அம்மா ஒற்றையாக அலைவார். இந்த ஒரு வேலைக்காகவே சங்கம் இருக்கலாம்.

ஆண்டுப் பொதுக்குழுவைப் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலையில் வையுங்கள். சாஸ்தா கோயிலுக்கென்று லீவில் வந்திருக்கும் பையன்கள் ஊரில்தான் இருப்பார்கள். இன்னொன்று: அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம் முடித்து வரும் பையன்களுக்குப் பென்ஷன் கிடையாது. உங்கள் விதிமுறையில் 'ஓய்வூதியம் பெறுவோர்' என்று இருந்தால் அவர்கள் வெளியேதான் நிற்பார்கள். சிறப்புத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: படைவீரர் தின விழா நடத்தினால் ஆளே வருவதில்லையே?
– வள்ளியூர் வாசகர்

பதில்: ராணுவத்தின் முதல் இந்தியத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் ஜனவரி 14; அதைத்தான் படைவீரர் தினம் என்கிறார்கள். நமக்கு அது போகியோ பொங்கலோ. அன்றைக்குப் பொங்கப்பானையை விட்டுவிட்டு எவன் வருவான்? டிசம்பர் 7 கொடி நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.