போனில் நெட் ஓடுகிறது, கன்சோலில் ஓடவில்லை: கேள்வி பதில்

லீவு விட்டதிலிருந்து ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி, தீவுப் பக்கம் என்று எல்லா ஊரிலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே கேள்வி வருகிறது. அதனால் மொத்தமாக இங்கே பதில் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: "நெட் வரலை" என்று ஒற்றை வரியில் கேட்காதீர்கள். கன்சோலிலிருந்து (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுப் பெட்டி) ரூட்டர் வரை ஒரு பாதை, ரூட்டரிலிருந்து வெளியே இன்னொரு பாதை. எது அறுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிளேஸ்டேஷனில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போய் இணைப்புச் சோதனையை ஓட்டினால், ஐபி முகவரி (ரூட்டர் கன்சோலுக்குக் கொடுக்கும் எண்) கிடைத்ததா, இணையம் கிடைத்ததா, நாட் வகை (வெளியிலிருந்து கன்சோலுக்கு எவ்வளவு வழி திறந்திருக்கிறது என்பது) என்ன என்று வரிசையாகக் காட்டும். முதல் வரியே தோல்வி என்றால் கோளாறு வீட்டுக்குள். முதல் வரி சரி, அடுத்தது தோல்வி என்றால் கேபிள்காரருக்கு போன் போடலாம்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, என்னிடம் இருப்பது பழைய பிளேஸ்டேஷன் 4. புது ஃபைபர் கனெக்‌ஷன் போட்ட நாளிலிருந்து எங்கள் வைஃபை பெயரே லிஸ்டில் வரவில்லை. போனில் நன்றாக வருகிறது. கன்சோல் போய்விட்டதா?

போகவில்லை தம்பி. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே படாது. 2016-இல் வந்த ஸ்லிம், ப்ரோ இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் புது ரூட்டரில் 5 மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. போனில் அதைத் திறந்து 2.4-ஐ இயக்கி, அதற்குத் தனிப் பெயர் வையுங்கள். சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் தடம்) 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் பழைய கன்சோல் ஒட்டாது, டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள்.

கீழக்கரையிலிருந்து: பாய், மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 5. ரூட்டர் முன் ஹாலில், கன்சோல் பின்கட்டு அறையில். சிக்னல் ஒரு கோடு, அடிக்கடி அறுகிறது. வெளிநாட்டு செட் என்பதால் இப்படியா?

துபாய் செட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் வாங்கிய கருவிகள் சிலவற்றுக்கு 2.4-இல் 12, 13-ஆம் சேனல்கள் தெரியாது. நாட்டைப் பொறுத்து வைஃபையில் வரும் சிக்கல் ஏறத்தாழ அவ்வளவுதான்.

உங்களுக்குச் சுவர்தான் வில்லன். கீழக்கரை பழைய வீட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்கே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவர் இரண்டைத் தாண்டும்போது துவண்டுவிடும். 2.4 மெதுவானாலும் தாண்டிவிடும். பிளேஸ்டேஷன் 5-இல் வைஃபை பெயரின் மேல் நின்று ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தினால் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது, 2.4-ஐப் போட்டு ஒரு நாள் பாருங்கள். கன்சோலை டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் திணித்திருந்தால் வெளியே எடுங்கள்.

கடையில் எக்ஸ்டெண்டர் என்று ஒன்றை நீட்டுவார்கள். விலை குறைந்தவற்றில் ஒரே ரேடியோதான் வாங்கவும் கொடுக்கவும் வேலை செய்கிறது, அதனால் வேகம் பாதியாகும், தாமதம் கூடும். படம் பார்க்கப் போதும், விளையாட்டுக்கு எரிச்சல். ஹாலிலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் செத்துவிடும்.

பாம்பனிலிருந்து: நான் கேபிள்தான் போட்டிருக்கிறேன் அண்ணே. ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது 300 எம்பி பிளானில் 90-க்கு மேல் ஏறவில்லை, சில நேரம் அறுந்தும் போகிறது. வீடு கடலை ஒட்டி இருக்கிறது.

90 என்ற எண்ணைச் சொன்னீர்களே, அதுவே போதும். ஒரு லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள். ஆயிரம் எம்பி வேகத்துக்கு எட்டும் வேண்டும், நூறுக்கு நான்கு போதும். ஏதோ ஒரு கம்பியில் தொடர்பு கெட்டால் ரூட்டரும் கன்சோலும் பேசி வைத்துக்கொண்டு நூறுக்கு இறங்கிவிடும். கையில் 90, 95 வரும். மிச்சமுள்ள நான்கில் ஒன்றும் ஆடத் தொடங்கினால் அறுந்து அறுந்து வரும்.

காரணம் உப்புக்காற்று. காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், அந்த ஈரத்தில் செம்பு பச்சை பூக்கும். பின்னின் மேல் தங்கப்பூச்சு இருந்தாலும் மலிவான முனைகளில் அது பெயருக்குத்தான். முனையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள், கம்பி உள்ளே பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டுங்கள். கன்சோல், ரூட்டர் துளைகளை மின்சாரத்தை அணைத்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். தடவினால் தூசியும் மணலும் வந்து குடியிருக்கும், வேண்டாம்.

மாடி வழியாக வெளியே போகும் கேபிள் என்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டதை வாங்குங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே ஓடி வராது.

தொண்டியிலிருந்து: டவுன்லோட் வேகமாக வருகிறது. ஆனால் நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியவில்லை, பேச்சும் கேட்பதில்லை. எக்ஸ்பாக்ஸில் நாட் 'ஸ்ட்ரிக்ட்' என்கிறது.

பிளேஸ்டேஷனில் இதே நோய்க்குப் பெயர் 'டைப் 3'. வெளியிலிருந்து உங்கள் கன்சோலைத் தேடி வருகிறவர்களுக்கு வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் ரூட்டரில் யுபிஎன்பி (கன்சோல் கேட்டால் ரூட்டர் தானாக வழி திறந்துவிடும் வசதி) இயங்குகிறதா பாருங்கள். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றும் வைத்திருந்தால் இரண்டு பூட்டு ஆகிவிடும், ஒன்றை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது பூட்டுப் போடாமல் அப்படியே கடத்திவிடும் முறைக்கு, மாற்றச் சொல்லுங்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'வான்' (WAN) முகவரியை, அதாவது நிறுவனம் உங்கள் ரூட்டருக்குக் கொடுத்த முகவரியை, பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் என்ன திருகினாலும் பயன் இருக்காது. தனிப் பொது முகவரி கேளுங்கள், கூடுதல் கட்டணம் கேட்கலாம். ஐபிவி6 (பங்கு போடத் தேவையில்லாத புது வகை முகவரி) தருவார்களா என்றும் கேளுங்கள், எக்ஸ்பாக்ஸுக்கு அது நன்றாகவே ஒத்துவரும்.

தங்கச்சிமடத்திலிருந்து: ஜெட்டியில் நிற்கும் போட்டுகளின் வயர்லெஸ் செட் எங்கள் வைஃபையைக் கெடுக்கிறது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. போட்டில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்வது, வைஃபை பக்கமே வராது. பக்கத்து வீட்டு ரூட்டர் உங்கள் சேனலிலேயே உட்கார்ந்திருப்பதும், சமையலறை மைக்ரோவேவும்தான் 2.4-க்கு எதிரிகள். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென்று காணாமல் போய்த் திரும்பி வருகிறது என்றால் சங்கதி வேறு. 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடார் சிக்னல் கேட்டால் ரூட்டர் அந்த இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும், விதி அப்படி. 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: தம்பி, வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. பையன் என் போன் ஹாட்ஸ்பாட்டில் நின்டெண்டோ சுவிட்ச் ஆடுகிறான். அன்றைக்குரிய டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஆட்டம் அவ்வளவு குடிக்காது அக்கா. தானாக இறங்கும் அப்டேட்தான் குடிக்கிறது. சுவிட்சில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் சிஸ்டம் என்ற பகுதியில் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். அப்புறம் தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கட்டும், அங்கே இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும்.

தேவிபட்டினத்திலிருந்து: கரண்ட் போய் வந்தால் கன்சோல் இணைவதில்லை. ரூட்டரை மறுபடி அணைத்துப் போட வேண்டியிருக்கிறது.

ஃபைபர் பெட்டி எழுந்து நிற்கச் சில நிமிடம் ஆகும். கன்சோல் அதற்கு முன்பே தட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. பெட்டியில் விளக்கெல்லாம் நிலையாக எரிந்த பிறகு கன்சோலைப் போடுங்கள். 'லாஸ்' விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபரே வரவில்லை, எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராது. ரூட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் விற்கிறது. உங்கள் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

ஏர்வாடியிலிருந்து: டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினால் பிங் குறையுமா? சிங்கப்பூர் சர்வரில் 80 காட்டுகிறது.

குறையாது. பிங் என்பது சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில். பெயரை முகவரியாக மாற்றித் தருவதோடு டிஎன்எஸ் வேலை முடிந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு அதற்குப் பங்கில்லை. 'டிஎன்எஸ் பிழை' என்றே கன்சோல் சொன்னால் மட்டும் மாற்றுங்கள். நம் கரையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வரவே 30 மில்லிசெகண்டுக்குப் பக்கம், கேபிள் சுற்றிப் போகும் தூரமும் வழியில் உள்ள ரூட்டர்களும் மீதி. ஆட்டத்தில் மும்பை சர்வர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.