அறிவிப்பு சொல்லாதது

கேள்வி: 'விலங்குகள் எதுவும் துன்புறுத்தப்படவில்லை' என்று படம் தொடங்கும்போதே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். அதன் பிறகும் சினிமாவைக் குறை கூறுவது வீண்பழி அல்லவா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வீண்பழி அல்ல. அந்த வரி படப்பிடிப்புக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது, கதைக்குப் பொறுப்பேற்பதில்லை. 2001ஆம் ஆண்டு விதிகளின்படி, விலங்கை நடிக்கவைக்க முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதற்கே தடை உண்டு. 2011இல் காளையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், கணினியில் வரைந்த காளைக்கு வலிக்காது என்பதாலேயே அதை எப்படி வேண்டுமானாலும் புரட்டி எடுக்கலாம் என்ற துணிச்சல் இயக்குநர்களுக்கு வந்துவிட்டது. அரங்கில் விசில் பறக்கிறது, அறிவிப்பும் பொய்யாகவில்லை.

உங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டுப் பக்கத்து ஊர்களில் தை பிறந்ததும் நடக்கும் எருது விடும் விழாவில் திமிலைப் பிடித்துத் தொங்க வேண்டிய வீரர் எவருமில்லை. காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்பதே கணக்கு. பேரும் புகழும் காளைக்கே. தமிழ் சினிமா இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாததற்கு, அந்தத் தெருவில் கதாநாயகனுக்கு வேலை இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். திரையில் காளை வந்தால் அவன் அதை அடக்க வேண்டும். யானை வந்தால் அவனை வணங்க வேண்டும். நாய் வந்தால் அவனுக்காக உயிரை விட வேண்டும், அதுவும் இடைவேளைக்கு முன்பே விட்டுவிட்டால் பழிவாங்க வசதி.

இதனால் அந்த விழா குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. ஓடும் மாட்டின் முதுகில் இருபுறத்துக் கூட்டமும் ஓங்கி அறைவதும், வழியை மறித்து நிற்பவர்கள் முட்டுப்பட்டு விழுவதும் நீங்கள் அறியாததல்ல. காளையைக் கொண்டாடுகிற ஊரே அதை அடிக்கவும் செய்கிறது என்ற முரண்பாட்டில் ஒரு நல்ல படத்துக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. வேலூர் அருகே செவ்வாய்க்கிழமைகளில் கூடும் பொய்கை மாட்டுச் சந்தையிலும் அப்படியே: பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவதற்கும், கைமாறிய மாட்டை லாரியில் ஏற்றுவதற்கும் இடையில் எத்தனையோ கதைகள் உண்டு. நான் பார்த்த படங்களில் மாட்டு லாரி சண்டைக்காட்சியில்தான் வந்திருக்கிறது. உள்ளே நிற்கும் மாடுகளுக்கு யாரேனும் தண்ணீர் காட்டினார்களா என்று அவற்றில் ஒருவரும் கேட்டதில்லை.