மரெம்மாவில் ஒரு வாரம்: ஆடுகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும்

கேள்வி: இத்தாலியில் கடலோரக் கிராமப்புறமாகப் பார்த்து ஒரு வாரம் கோல்ஃப் ஆடப் போகலாம் என்று எண்ணம். சென்னையிலிருந்து ரோமில் வந்து இறங்குவோம். மனைவிக்கு கோல்ஃபில் ஆர்வம் கிடையாது. எந்தப் பகுதிக்குப் போகலாம், எப்படித் திட்டமிடுவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் கோல்ஃப் ஆடத் தெரியாது. ஆடுகிறவர் எங்கள் வீட்டுக்காரர். ஆனால் நாங்கள் இரண்டு முறை போய்வந்த மரெம்மாவில் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) போட்டதிலிருந்து வண்டி ஓட்டியது வரை எல்லாமே நான்தான், அதனால் உங்கள் கேள்விக்கு உங்கள் மனைவியின் பக்கத்திலிருந்து ஒரு பதில் வரட்டும் என்று எழுதுகிறேன்.

மரெம்மா என்பது டஸ்கனியின் தெற்குக் கடலோரம். டஸ்கனி என்றதும் எல்லோரும் ஃப்ளாரன்ஸ், சியெனா என்று ஓடுவார்கள், இந்தப் பக்கம் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் குறைவு. ஒரு காலத்தில் முழுக்கச் சதுப்பு நிலம், மலேரியா காடு. வெயில்காலம் வந்தால் க்ரோசெத்தோவில் இருந்த அரசு அலுவலகங்களே மூட்டை கட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் ஸ்கான்சானோவுக்குப் போய்விடுமாம், மதராஸ் சர்க்கார் ஊட்டிக்குப் போன மாதிரி, ஆனால் இங்கே உயிருக்குப் பயந்து. 1897 வரை இது நடந்திருக்கிறது. இப்போது சதுப்பை வடித்து கோதுமையும் சூரியகாந்தியும் போட்டிருக்கிறார்கள், நீளக் கொம்பு வைத்த சாம்பல் நிற மாடுகள் மேய்கின்றன.

உங்களுக்கு வேண்டியது இங்கே நான்கு மைதானங்கள். போர்த்தோ எர்கோலே பக்கத்தில் அர்ஜெந்தாரியோ, வடக்கே புந்தா ஆலா, அதற்குக் கொஞ்சம் உள்ளே கவொர்ரானோ அருகில் பெலகோனே, உள்நாட்டில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் சத்தூர்னியா. நான்குமே 18 குழி. இவற்றில் புந்தா ஆலாதான் பழையது, 1964இல் வந்தது, பைன் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று கடல் தெரியும், எல்பா தீவும் தெரியும். அர்ஜெந்தாரியோ 2006இல் வந்தது, ஒரே மேடும் பள்ளமும், கீழே ஒர்பெத்தெல்லோ காயல். அங்கே பக்கி (மைதானத்துக்குள் ஓட்டும் குட்டி வண்டி) எடுத்துவிடுங்கள், எங்கள் வீட்டுக்காரர் நடந்தே ஆடுவேன் என்று ஜம்பமாகக் கிளம்பிப் பாதியிலேயே முகம் சிவந்து என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி போன் செய்தார். சத்தூர்னியா கிட்டத்தட்ட சமதளம், அது நடக்கத் தோதானது.

இந்தியாவில் ஆடிப் பழகியவர் என்றால் ஒன்று முக்கியம்: இங்கே பை தூக்கி வரும் கேடி கிடையாது. பையை நீங்களே டிராலியில் இழுக்க வேண்டும், ரஃபில், அதாவது ஓரத்து உயரப் புல்லில், பந்தை நீங்களே தேட வேண்டும், பங்கர் என்கிற மணல் குழியில் மணலை நீங்களே சீவிவிட்டு வர வேண்டும். ஊரில் கிளப் கேடியோடு ஆடுகிறவர்கள் முதல் நாள் தடுமாறிப் போகிறார்கள். பந்து கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பைன் மரத்தடியில் போனது போனதுதான். ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் அளவு) சான்றிதழை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். அப்புறம் சனி, ஞாயிறில் கிளப் உறுப்பினர்களுக்குப் போட்டி நடக்கும், அதற்கு 'காரா' என்று பெயர். எங்கள் முதல் பயணத்தில் இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நின்றோம், மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள் என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்தை எல்லாம் வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் பயணத்தில் இன்னொரு தப்பும் செய்தோம், ஏழு நாளில் ஐந்து ஆட்டம். ஒரு ஆட்டம் நாலரை மணி நேரம், போக வர இரண்டு மணி நேரம், முன்னாலே 'வார்ம் அப்', பின்னாலே பியர் என்று ஒரு பகல் முழுக்க அதிலேயே போய்விடும். நான்காம் நாள் காரில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை, ஜிபிஎஸ்ஸில் வழிகாட்டும் அம்மா மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தாள். இரண்டாம் முறை மூன்றே ஆட்டம், ஒன்று விட்டு ஒரு நாள், எல்லாம் காலை எட்டு மணி வாக்கில். அவருக்கே இதுதான் பிடித்திருந்தது, இடையில் முதுகுக்கு ஓய்வு கிடைக்கிறதாம்.

அவர் ஆடும்போது நான் என்ன செய்தேன் என்பதுதான் உங்கள் மனைவி கேட்கப் போகிற கேள்வி. மைதானத்துக்குப் பெயர் கொடுத்த அர்ஜெந்தாரியோ முன்பு தீவாக இருந்த மலை, அதைக் கரையோடு சேர்க்கும் மணல்திட்டுகளில் ஒன்றின் பெயர் ஃபெனில்யா. அதற்குள் கார் விடமாட்டார்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்து பைன் காட்டுக்குள்ளே போனால் ஒரு பக்கம் காயலில் பூநாரைகள், மறு பக்கம் கடல், நடுவில் மண் பாதையில் மான் குறுக்கே போகிறது. கபால்பியோ அருகே நிக்கி த சான் ஃபால் என்ற பெண் சிற்பி உருவாக்கிய டாரோ (குறி சொல்லும் சீட்டு) தோட்டம் இருக்கிறது, கண்ணாடிச் சில்லு பதித்த ராட்சசச் சிலைகள், அதில் ஒன்றுக்குள்ளேயே அவர் பல காலம் குடியிருந்திருக்கிறார். மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள், காலையில் போய் ஏமாறாதீர்கள். போர்த்தோ சாந்தோ ஸ்தேஃபானோவிலிருந்து கப்பலேறினால் ஜீல்யோ தீவு ஒரு மணி நேரம், ஆனால் அது இருவரும் சேர்ந்து போக வேண்டிய இடம், ஆட்டம் இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு ஒரே இடம் போதும். பெட்டியும் கோல்ஃப் பையுமாக ஊர் ஊராக மாறினால் பாதி விடுமுறை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போய்விடும். மல்யானோ, ஸ்கான்சானோ பக்கம் அக்ரிதூரிஸ்மோ என்று விவசாயப் பண்ணை வீடுகள் உண்டு, அங்கிருந்து அர்ஜெந்தாரியோவும் சத்தூர்னியாவும் எட்டுகிற தூரம்தான், புந்தா ஆலா மட்டும் கொஞ்சம் ஓட்டம். ரோம் விமான நிலையத்திலிருந்து ஒர்பெத்தெல்லோ இரண்டு மணி நேரத்துக்குள். உங்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும் வேண்டும், சென்னையிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், குட்டிக் காரில் கோல்ஃப் பை நுழையாது.

மாதம்: ஏப்ரல் கடைசி, மே, அல்லது செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர். ஆகஸ்டில் வேண்டவே வேண்டாம், ரோம் நகரமே அர்ஜெந்தாரியோவில்தான் நிற்கும்.

சாப்பாட்டில் காட்டுப்பன்றி இல்லாத பக்கமே மெனுவில் இருக்காது. சைவம் என்றால் பாலாடைக்கட்டியும் கீரையும் அடைத்த தொர்தெல்லி கேளுங்கள், ஆனால் அதன் மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றிவிடுவார்கள், 'பூர்ரோ எ சால்வியா' என்று சொன்னால் வெண்ணெயும் ஒரு மூலிகை இலையும் போட்டு வரும். ரொட்டியில் உப்பு இருக்காது, டஸ்கனி வழக்கம் அது. நான் ஊறுகாய் எடுத்துப் போயிருந்தேன், சரி, அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

சத்தூர்னியாவைக் கடைசி ஆட்டமாக வையுங்கள். அவரை மைதானத்தில் இறக்கிவிட்டு நான் மட்டும் காலையிலேயே முலீனோ அருவிக்குப் போய்விட்டேன், கட்டணம் கிடையாது. வெள்ளைப் படிகளாக இறங்கும் பாறைத் தொட்டிகள், சுமார் 37 டிகிரியில் கந்தகத் தண்ணீர், முதலில் அழுகிய முட்டை நாற்றம், பத்து நிமிடத்தில் மூக்குப் பழகிவிடும். எட்டு மணிக்குள் போனால் ஒரு தொட்டி முழுக்க உங்களுக்கே. காலில் ரப்பர் செருப்பு, பழைய நீச்சலுடை. வெள்ளியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் கொலுசோடு இறங்கி, ஏறும்போது பார்த்தால் இரண்டும் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தன. ஊருக்கு வந்தபோது அம்மா திருநீறு போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தார், கொக்கி மட்டும் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.